மெயின் லைனா, கார்டு லைனா?

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போக மூன்று வழிகள் இருக்கின்றன. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் வரை மூன்றுக்கும் பாதை ஒன்றுதான். அங்கேதான் பிரிகின்றன. சேது எக்ஸ்பிரஸ் விருத்தாசலம் வழியாகக் கார்டு லைனில் திருச்சிக்குப் போகிறது. போட் மெயில் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் ரயில் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று மெயின் லைனில் சுற்றிக்கொண்டு அதே திருச்சிக்கு வந்து சேர்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிவைக்கப்பட்ட தாம்பரம்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸோ திருச்சிப் பக்கமே போவதில்லை. மயிலாடுதுறைக்குப் பிறகு திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடியைப் பிடிக்கிறது.

புறப்படும் இடம் சென்னை, சேருமிடம் ராமேஸ்வரம், வழியை நீயே கண்டுபிடி என்று கணினியிடம் விட்டால், அது எல்லா ரயிலையும் கார்டு லைனில் அனுப்பிவிடும். விழுப்புரம்–திருச்சி தூரம் மெயின் லைனைவிடக் கார்டு லைனில் 60 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. கணக்கில் பிழையே இல்லை. கும்பகோணத்தில் ஏற வேண்டியவர்தான் பெட்டியும் கையுமாக பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

ரயில் வலைப்பின்னலைத் திரையில் கட்டி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்களில் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தண்டவாளம் போட்டாயிற்று, ஸ்டேஷன் வைத்தாயிற்று, ரயிலும் வாங்கியாயிற்று. ஆனால் ரயில் நினைத்த வழியில் போக மறுக்கிறது. கிறிஸ் சாயர் 1994-இல் வெளியிட்ட டிரான்ஸ்போர்ட் டைகூன் விளையாட்டின் வழிவந்த, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் டிடிடி-யில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ரயில் நிற்காமல் கடந்து போக மட்டுமான ஓர் அடையாளப் புள்ளியைத் தண்டவாளத்தில் வைத்து, அதை ரயிலுக்கான உத்தரவுப் பட்டியலில் இடையில் செருகிவிடலாம். கடலூர் பக்கம் அப்படி ஒரு புள்ளி வைத்தால் போட் மெயில் தவறாமல் மெயின் லைனில் திரும்பும். வைக்காவிட்டால், அந்த விளையாட்டின் வழிகாணும் நிரல் தூரத்தோடு சிவப்பு சிக்னலையும் காலியில்லாத பிளாட்பாரத்தையும் ‘அபராதமாக’க் கூட்டிப் பார்க்கும். முன்னால் இன்னொரு ரயில் நிற்கிறது என்பதற்காகவே சில சமயம் வேறு திசையில் நெடுந்தூரம் சுற்றக் கிளம்பிவிடும்.

2021-இல் வந்த நிம்பி ரெயில்ஸ் உண்மையான உலக வரைபடத்தின் மேலேயே தண்டவாளம் போட விடுகிறது. திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் அவை இருக்கும் இடத்திலேயே வைத்து இணைக்கலாம். நிற்கும் ஊர்களைக் கொண்ட வழித்தடம் தனி, அதில் ஓடப்போகும் ரயில் தனி என்று அது பிரித்து வைத்திருக்கிறது. வழித்தடத்தை முதலில் வகுத்து, பிறகுதான் ரயிலை அதில் சேர்க்க வேண்டும். நிஜ ரயில்வேயிலும் இப்படித்தான். ‘வைகை’ என்பது ஒரு சேவையின் பெயர். அதற்காக ஓடும் பெட்டித் தொடர், ரயில்வேக்காரர்கள் சொல்லும் ‘ரேக்’, வேறு பெயரில் வேறு ஊருக்கும் போய்வரலாம்.

இந்த விஷயம் முழுவதையும் கற்றுக்கொள்ள விழுப்புரத்தைவிட நல்ல ஜங்ஷன் தமிழ்நாட்டில் குறைவு. ஐந்து திசைகள். சென்னைப் பாதையும் விருத்தாசலம் கார்டு லைனும் இரட்டைப் பாதைகள். மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடிப் பாதைகள் மூன்றும் ஒற்றை. ஆக, ஏழு தண்டவாளங்கள் அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் நுழைகின்றன. இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் பல காலம் இருந்தது. 1960-களில் மீட்டர்கேஜ் பாதையில் சென்னைப் பக்கத்து மின்கம்பியை விழுப்புரம் வரை நீட்டினார்கள். ஜப்பானில் வடிவமைத்த ஒய்.ஏ.எம்.-1 மின்சார இன்ஜின்கள் ரயிலை இந்த ஊர் வரை கொண்டுவந்து விட்டுவிடும். மேற்கொண்டு தெற்கே போக வேறு இன்ஜின் மாட்ட வேண்டும். ரயிலும் பாதையும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் வழியை ஒதுக்க முடியாது என்பதைத் தென் மாவட்டப் பயணிகள் விழுப்புரத்தில் காத்துக்கிடந்த நேரத்திலேயே தெரிந்துகொண்டார்கள்.

விளையாட்டை விட்டு, ரயில்வேக்களே பயன்படுத்தும் மென்பொருளுக்கு வந்தால், வழி என்பது இன்னும் நுணுக்கமாகிறது. சூரிச்சிலுள்ள இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் 1990-களின் நடுவில் ஆய்வாகத் தொடங்கிய ஓப்பன் டிராக் என்ற மென்பொருள் வழியை மூன்று அடுக்காகக் கட்டுகிறது. அடியில் இருப்பது ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரையிலான துண்டு. அப்படிப்பட்ட துண்டுகள் பல சேர்ந்தால் ஒரு பாதை. பாதைகள் பல சேர்ந்தால் ரயிலின் முழுப் பயண வழி. ஒரு ரயிலுக்கு இப்படி ஒன்றல்ல, பல பயண வழிகளைக் கொடுத்து, முதல் விருப்பம் எது, இரண்டாவது எது என்று வரிசைப்படுத்தி வைக்கலாம். முதலாவது அடைபட்டிருந்தால் ரயில் அடுத்ததை எடுத்துக்கொள்ளும். அந்த வரிசையை எழுதுவது மனிதரின் வேலை. சென்னையிலிருந்து வரும் ஒரு ரயில் விழுப்புரத்தில் வழக்கமான பிளாட்பாரம் காலியில்லை என்றால் வேறொன்றில் நிற்கலாமா? நிற்கலாம் என்றால், அங்கிருந்து கடலூர்ப் பாதைக்குப் போக எந்தெந்தத் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்? அந்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து வரும் ரயில் வெளியே நிற்க வேண்டியிருக்குமா? இந்த ஊரையும் இங்கே ஏறி இறங்குகிறவர்களையும் அறிந்தவர் வரிசையை எழுதினால்தான் மென்பொருள் தரும் விடை உருப்படியாக இருக்கும்.

அடி அடுக்கில் இருக்கும் அந்தச் சிக்னல் துண்டை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நிஜத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு ரயிலுக்கு வழி கொடுக்கிறார் என்றால், அந்த வழியில் தண்டவாளம் பிரியும் இடங்களிலுள்ள பாயிண்டுகள் எல்லாம் உரிய பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். வழியில் வேறு வண்டி இருக்கக் கூடாது. ரயில் தவறி சிக்னலைக் கொஞ்சம் தாண்டிவிட்டாலும் ஆபத்து நேராதபடி அப்பால் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியான பிறகே சிக்னல் விழும். 2024 அக்டோபர் 11 இரவு, சென்னைக்கு வடக்கே கவரைப்பேட்டையில், மைசூர்–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு அந்த ஸ்டேஷனின் மெயின் லைனில் நேரே போகத்தான் சிக்னல் கிடைத்தது. ரயிலோ பக்கத்தில் ஒதுங்கி நிற்பதற்கான லூப் லைனில் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் ஆறுதல். ஆனால் கொடுத்த வழி ஒன்று, போன வழி வேறு என்றால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது. திரையில் ஓடும் ரயில் இப்படித் தடம் மாறாது. அதில் போட்டிருக்கும் பாயிண்ட் என்றைக்கும் சொன்னபடிதான் திரும்பும். ஓட்டிப் பார்க்கும் மென்பொருளின் விடையைப் படிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

வழியோடு நேரமும் சேர வேண்டும். அதற்கு ரயில்வேயில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்குவது கிராஃப். தாளின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகத் திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று ஸ்டேஷன்கள், குறுக்கே மணி. ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. வந்தே பாரத் கோடு செங்குத்துக்கு நெருக்கமாக இறங்கும். பாசஞ்சர் கோடு படுத்துக்கொண்டு போகும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிறு படி வைத்து. புதுச்சேரி, காட்பாடி மாதிரியான ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்களின் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஸ்டேஷனில் மட்டுமே. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வெட்டினால் அந்த அட்டவணை செல்லாது. பென்சிலும் ரப்பருமாகச் செய்த இந்த வேலைதான் இப்போது கணினிக்குப் போயிருக்கிறது. 2020-இல் இந்திய ரயில்வே பழைய அட்டவணையைத் திருத்திக்கொண்டிராமல் அடியிலிருந்தே புதிதாகக் கால அட்டவணை போட முனைந்தபோது, அதற்கு பம்பாய் ஐ.ஐ.டி.-யின் துணையைத்தான் நாடியது.

எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் இந்த மென்பொருள்களின் அருமை தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள 452-ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதும், சென்னை–விழுப்புரம் போக்குவரத்து நின்றது. பல ரயில்கள் ரத்தாயின. சில காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்கான ரயில் போக்குவரத்தின் பெரும்பகுதி ஒரே பாலத்தில் மாட்டிக்கொண்டது.

அந்த மாற்று வழியை மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால் சிரமம் புரியும். சென்னையிலிருந்து விழுப்புரம் நேர்வழியில் சுமார் 159 கிலோமீட்டர். அரக்கோணம், காட்பாடி, திருவண்ணாமலை என்று சுற்றினால் 290-ஐ நெருங்கிவிடும். அதில் காட்பாடிக்குத் தெற்கே உள்ள 160 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த ரயில்கள் அங்கே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டும். எத்தனை ரயிலை அப்படித் திருப்பலாம், எத்தனாவது ரயிலோடு எல்லாமே முடங்கிவிடும் என்பதை வெள்ளம் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க முடியும். அதற்குத்தான் இந்த மென்பொருள்கள்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டருக்குப் புதிய பாதை போடும் திட்டம் ஒப்புதல் பெற்றுப் பல ஆண்டுகளாகியும் பாதை வரவில்லை. அது வந்தால் திண்டிவனமும் ஜங்ஷனாகும். அந்தப் பாலத்தைத் தொடாமலே விழுப்புரத்தை அடைய இன்னொரு வழி பிறக்கும். தூரத்தில் பெரிய லாபம் இல்லை. சென்னையிலிருந்து திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று கூட்டினாலும் 260 வருகிறது. ஆனால் நெரிசல் மிகுந்த அரக்கோணம்–காட்பாடி பாதைக்குள் தெற்கு ரயில்களை நுழைக்க வேண்டியிருக்காது. செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் பயணிகளுக்கு ரயில் கைநழுவிப் போகாது. அதே புயல் மழை திருவண்ணாமலையையும் புரட்டிப்போட்டதால், இரண்டு வழிகளும் ஒரே நாளில் அடைபடக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். செஞ்சிப் பாதையைத் திரையில் வரைந்து, 2024 டிசம்பர் 2-இன் ரயில்களை அதில் விட்டுப் பார்க்க, வீட்டில் ஒரு கணினி வைத்திருக்கும் கல்லூரி மாணவராலும் இன்று முடியும்.