திருமணியில் பற்றப்பட்ட கை

மாமல்லபுரத்துத் தெருக்களில் நடந்து செல்வோரின் செவிகளில் உளியோசை விழாமல் இராது. அங்கே கருங்கல்லில் உருவம் செதுக்கும் சிற்பியின் கையைச் சற்று உற்று நோக்குங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் உளியைப் பற்றுகின்றன. ஏனைய விரல்கள் அணை கொடுக்கின்றன. கல்லின் அதிர்வை உணரும் தோல், அடுத்த அடியின் வேகத்தை அளந்து கொடுக்கின்றது. வடக்கே கோவளத்துக் கரையில் வலையைப் பழுதுபார்க்கும் மீனவரின் கையும் அத்தகையதே. எலும்பு, மூட்டு, தசை, நரம்பு ஆகிய நான்கும் ஒன்றுபட்டு ஊழியம் செய்யும்போதே கை, கை எனும் பெயருக்குத் தகுதி பெறுகின்றது.

இந்நான்கனுள் நரம்பு மட்டும் மடிந்துவிட்டால் என்ன நேரும்? இக்கேள்விக்கு உலகம் விடை தேடத் தொடங்கிய இடம் நம் செங்கற்பட்டுப் பகுதியிலேயே உள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து திருச்சபையின் மறைப்பணியாளர்கள் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நிறுவினர். 1955இல் நடுவண் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாகத் திகழ்கின்றது. இம்மருத்துவமனைக்கு 1947ஆம் ஆண்டு விருந்தினராக வந்தார் ஓர் இளம் மருத்துவர். அவர் பெயர் பால் பிராண்ட். மறைப்பணியாளர்களான பெற்றோருக்கு 1914இல் நம் கொல்லிமலையிலே பிறந்தவர். இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றவர். அவரைத் திருமணிக்கு அழைத்தவர் தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற ராபர்ட் காக்ரேன்.

வளாகத்தைச் சுற்றிப் பார்த்த பிராண்டின் கண்கள் நோயாளரின் தோலில் நிலைக்கவில்லை, கைகளில் நிலைத்தன. எங்கு நோக்கினும் பறவையின் நகம்போல் மடங்கிய விரல்கள். இக்கைகளை எந்த எலும்பு மூட்டு மருத்துவரேனும் ஆராய்ந்ததுண்டா என வினவினார். இல்லை என்பதே விடை. எலும்பு முறிவுக்கும் இளம்பிள்ளை வாதத்திற்கும் வல்லுநர்கள் பலர் இருந்தனர். தொழுநோயால் முடங்கிய எண்ணற்ற கைகளுக்கோ ஒருவரும் இல்லை.

அப்போது ஒரு நோயாளி தம் காலணியின் வாரைக் கழற்ற முயன்று தோற்பதைப் பிராண்ட் கண்டார். அம்மனிதரை அணுகி, தம் கையை அவரது முடங்கிய கைக்குள் வைத்து, இறுகப் பற்றுமாறு வேண்டினார். பற்றிய பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை! செத்துப்போனதென்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் அத்துணை வலிமை உயிரோடு இருந்தது. அந்த நொடியில்தான் ஒரு புதிய மருத்துவம் கருக்கொண்டது.

வலிமை எங்கிருந்து வந்தது? தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடும். ஆதலால், தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளை, குறிப்பாக முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில், அது தாக்குகின்றது. அந்நரம்புகளை நம்பியிருக்கும் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழக்கின்றன, விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. ஆனால் முன்கையில் ஆழத்தில் உள்ள பெருந்தசைகள் பல தப்பிவிடுகின்றன. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்களை இறைவன் அமைத்திருக்கின்றார். அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, வேறு வழியே செலுத்தி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு பொருத்தினால் விரல்கள் மீண்டும் நிமிரும் அன்றோ? வேறு காரணங்களால் முடங்கிய கைகளுக்கு மேனாட்டார் கையாண்ட இம்முறையை, 1948 முதல் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளருக்குச் செய்து, படிப்படியாகச் செம்மைப்படுத்தினார்.

அறுவை முடிந்ததும் பணி முடிந்துவிடுவதில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் மாவுக்கட்டு. அதன்பின் பல வாரங்கள் பயிற்சி. இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையை மூளை கற்பித்தாக வேண்டும். குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் நோயாளி தம் விரலை அசைக்கப் பழகுகின்றார்.

எனினும் ஒன்றை அறுவையால் மீட்க இயலாது. அது தொடு உணர்வு. துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் பிராண்ட் ஒருநாள் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதில் திறந்துவிட்டான். ஆனால் அவனது விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவன் அதை உணரவே இல்லை. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை; வலி எனும் காவலன் இல்லாமையால் சூடும் கீறலும் புண்ணும் கவனிப்பாரற்று அவற்றை அழிக்கின்றன. வலியைச் சாபமென நினைக்கும் நாம், அது இறைவனின் கொடை என்பதை இங்கே கற்கின்றோம். நிமிர்த்தப்பட்ட கையையும் நாள்தோறும் கண்ணால் பரிசோதித்து, நீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசி, சூடான பாத்திரத்தைத் துணிகொண்டே எடுத்துக் காத்தல் வேண்டும்.

கையை மீட்டாயிற்று, மனிதரை மீட்டாயிற்றா? அறுவைக்குப் பின் ஊர் திரும்பிய சிலர் வருத்தத்துடன் பிராண்டிடமே வந்தனர். கை நிமிர்ந்தபின் பிச்சையிடுவார் குறைந்தனர். தழும்புடைய அவர்களுக்கு வேலை கொடுப்பாரோ இல்லை. இக்கசப்பான உண்மையே அவரை வேலூரில் ‘புதுவாழ்வு மையம்’ அமைக்கத் தூண்டியது. அங்கே நோய் நீங்கியோர் தச்சுவேலை முதலியவற்றைக் கற்றனர். இளமையில் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றிருந்த பிராண்டுக்கு இது கைவந்த கலையாயிற்று. அவருடைய மாணவியருள் ஒருவரான மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். முடங்கிய கால்களுடையவர் முடங்கிய கைகளை நிமிர்த்தினார்!

பிற சபைச் சகோதரர்களின் இத்தொண்டுக்கு அருகிலேயே நம் கத்தோலிக்கரின் தொண்டும் வளர்ந்தது. புனித தமியான் பிறந்த பெல்ஜியத்திலிருந்து வந்த மருத்துவர் ஹெமரிக்ஸ், 1955இல் செங்கற்பட்டுப் பகுதியின் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையத்தைத் தொடங்கினார். நோயாளர் வரட்டும் எனக் காத்திராமல், சிற்றூர்தோறும் மரத்தடியிலே மருந்தளித்தார். 1960இல் அப்பொறுப்பை ஏற்ற மருத்துவர் கிளேர் வெல்லூட், நம் நாட்டையே தம் தாய்நாடாக்கிக்கொண்டு உழைத்தார்.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1980களில் பரவத் தொடங்கிய கூட்டு மருந்துச் சிகிச்சையால் ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோய் முற்றிலும் குணமாகின்றது, மருந்தோ இலவசம். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே நோயாளரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகின்றது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவை இந்தியா எட்டியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவரே. உணர்வற்ற வெளிறிய தேமல், கை கால்களில் மதமதப்பு, சுண்டுவிரலில் பலவீனம், சட்டைப் பொத்தானைப் போட இயலாமை ஆகியவற்றைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே செல்லுங்கள். காலத்தே கண்டால் கை முடங்காது. முடங்கியபின்னும் மனந்தளர வேண்டா, அறுவைக்கு வழியுண்டு.

நம் குடும்பங்கள் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் தொழுநோயும் மணமுறிவுக்கு ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தது. 2019இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து அடித்து எழுதியாயிற்று, நம் உள்ளங்களிலிருந்து? நோய் நீங்கி வந்த பெண்ணைப் பாத்திரம் தொட விடாத வீடும், தழும்பேறிய கையரைக் கோவிலின் கடைசி இருக்கைக்கு ஒதுக்கும் பங்கும் இன்னும் இல்லையென நம்மால் கூற இயலுமா?

கை சூம்பிய மனிதரை இயேசுபிரான் மறைவிடத்தில் குணமாக்கவில்லை. தொழுகைக்கூடத்தின் நடுவே, எல்லாரும் காண எழுப்பி நிறுத்தியபின் கையை நீட்டப் பணித்தார் என்று மாற்கு நற்செய்தியில் காண்கின்றோம். நலம் பெற்றவர் நிற்க வேண்டிய இடம் சபையின் நடுவே என்பதே அதன் பொருள். நீட்டப்பட்ட கையை விரைப்பாக்குவது நோய் மட்டுமன்று. அதனைப் பற்றிக்கொள்ள எவரும் முன்வராமையும்தான்.

திருமணியில் ஒரு மருத்துவர் தம் கையைக் கொடுத்தார். மறைந்திருந்த வலிமை வெளிப்பட்டது. வரும் ஞாயிறன்று திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளை, நம் அருகில் நிற்பவரின் கை எத்தகையதாயினும், நம் கை தயங்காதிருக்கட்டும்.