மெட்டே இல்லாத டெக்னோ

1993-இல் வெளிவந்த 'ஸ்பாஸ்டிக்' என்ற டெக்னோ இசைத்தட்டில் மெட்டு கிடையாது, குரலும் கிடையாது. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் டிரம் சத்தம்தான். ஆனாலும் டிஜேக்கள் இன்றுவரை அதைக் கைவிடவில்லை. இதை அமைத்த ரிச்சி ஹாட்டின், 'பிளாஸ்டிக்மேன்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அவர் வளர்ந்தது கனடாவின் வின்ட்சர் பகுதியில். ஆற்றைக் கடந்தால் டெக்னோ பிறந்த டெட்ராய்ட்.

இந்த இசையின் முதுகெலும்பு, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷின். அசல் டிரம் போல ஒலிக்கவில்லை என்று அன்று பலர் குறை சொன்னார்கள். 1983-இல் உற்பத்தியும் நின்றது. பிறகு செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால் இளைஞர்கள் கைக்குப் போனது.

இந்த மெஷினுக்குள் பதிவுசெய்த ஒலி எதுவும் இல்லை. சிறு மின்துடிப்பு பட்டதும் மின்சுற்று, அடிபட்ட கோயில் மணி போல அதிர்ந்து அடங்கும். அதுதான் பேஸ் டிரம். 'டிகே' திருகைத் திருப்பினால் அடங்கும் நேரம் நீளும். ஸ்நேர் டிரம்மில் இந்த அதிர்வோடு கொஞ்சம் இரைச்சலும் சேரும். அதன் அளவுக்கு 'ஸ்நாப்பி' என்று தனித் திருகு.

பெட்டியின் கீழ் வரிசையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என நிறத்துக்கு நான்காக 16 பொத்தான்கள். ஒவ்வொரு நிறத்திலும் முதல் பொத்தானை அழுத்தினால் பேஸ் டிரம் சீராக நாலு அடி விழும். நிமிடத்துக்கு 130 அடி வேகத்தில் இந்தச் சுற்று இரண்டு விநாடிக்குள் முடிந்து மறுபடி தொடங்கும். அது ஓடும்போதே அடிகளைக் கூட்டலாம், குறைக்கலாம், திருகுகளைத் திருப்பலாம். ஸ்பாஸ்டிக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. சடசடவென உருளும் ஸ்நேர் மெல்ல மெல்ல நெருங்குகிறது, தளர்கிறது, மறுபடி பெருகுகிறது. காது மெட்டைத் தேடுவதை விட்டுவிட்டு இந்த மாற்றங்களைப் பிடித்துக்கொள்கிறது.

மெட்டு இல்லாததில் டிஜேக்கு வசதியும் உண்டு. இரண்டு டர்ன்டேபிள்களில் இரண்டு தட்டுகளைச் சேர்த்து ஓட்டும்போது வேகத்தைப் பொருத்தினால் போதும். சுருதி மோதுமோ என்ற கவலை இல்லை.

முதல் தடவை கேட்கையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்நேரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், வித்தியாசம் பிடிபட்டுவிடும்.