கொழுப்பு மாத்திரையும் கால் வலியும்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களின் மருந்துச் சீட்டில் ராத்திரிக்கு என்று ஒரு மாத்திரை அநேகமாக இருக்கும். அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின். இந்த ஸ்டாட்டின் வகைக்கு நம் ஊரில் கொழுப்பு மாத்திரை என்று பெயர். தொடங்கிச் சில வாரங்களில் சிலருக்குத் தொடை கனக்கும், ஆடுசதை இழுக்கும், மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாகிவிடும். “அந்த மாத்திரைதான் காரணம், நானும் விட்டுட்டேன்” என்று தெரிந்தவர் யாராவது சொல்வார். மறுநாளே மாத்திரை நின்றுவிடும். டாக்டரிடம் அதைச் சொல்லக் கூச்சம். கேட்டால், “போட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்று பதில் வரும்.

எனக்குக் கவலை தருவது இந்த மௌனம்தான். வலியைச் சொன்னால் வழி உண்டு. அதுவும் ஒன்றல்ல, பல.

நிறுத்தினால் இழப்பது என்ன?

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களின் தொடக்கத்தில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைப்பதே இதன் வேலை. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு முறை மாரடைப்பு வந்தவர் இந்த மாத்திரையைக் கைவிடும்போது விட்டுக்கொடுப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

வலிக்குக் காரணம் மாத்திரைதானா?

பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வந்தது. ஓராண்டில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் அதைப் போலவே தோன்றும் மருந்தில்லாத வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை. மாதங்களைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தங்கள் உபாதையை அவர்கள் தினமும் செல்போனில் பதிந்தார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் தொந்தரவு குறைவாக இருந்தது. ஆனால் ஸ்டாட்டின் தந்த உபாதையில் 90 சதவீதத்தை வெற்று மாத்திரையும் தந்திருந்தது! முடிவைத் தெரிந்துகொண்ட பின் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் வலி என்று சொல்பவரிடம் “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு வலித்தது நிஜம். ‘இது காலைப் பிடிக்கும்’ என்ற எதிர்பார்ப்பே வலியை உண்டாக்கும் அல்லது இருக்கும் வலியைப் பெரிதாக்கும். அதே சமயம், சிறு பங்கினருக்கு மருந்தே தசையைத் தாக்குவதும் உண்மை. மருந்தின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். தொடை, இடுப்பு, ஆடுசதை, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ சில வாரங்களில் தலைகாட்டும். நிறுத்தினால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும். ஒரு முழங்கால் மட்டும், ஒரு குதிகால் மட்டும் வலித்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் டி பற்றாக்குறையும் தசைவலி தரும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். வேறு மருந்துகளையும் கவனிக்க வேண்டும். சளி, தொண்டை வலிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் சில ஸ்டாட்டின்களின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறி

கடுமையான தசைவலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர். இவை சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மிக அரிதுதான், வந்தால் தாமதம் ஆகாது.

அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம்

வழக்கமாக டாக்டர் சி.கே. என்ற தசைநொதிப் பரிசோதனை எடுப்பார். தேவையானால் சில வாரம் நிறுத்தச் சொல்வார். வலி போகிறதா என்று பார்த்துவிட்டு, குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்குவார். ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சகஜம்.

அளவு குறைந்தால் பலன் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டாட்டினின் வேலையில் பெரும்பகுதி முதல் சிறிய அளவிலேயே நடந்துவிடும். அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மேலும் 6 சதவீதம் அளவுக்கே இறங்கும். தவிர, ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் இரத்தத்தில் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்கிறது. இதனால் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. இந்த மருந்து உடலில் நீண்ட நேரம் தங்குவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் முறையும் உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாவிட்டால்

எஸெடிமைப் என்ற மாத்திரை குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும், எல்.டி.எல். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெம்பிடாயிக் அமிலம் என்ற இன்னொரு மாத்திரை தசைக்குள் செயல்படுவதில்லை. ஸ்டாட்டின் தாங்காத 13,970 பேரிடம் நடந்த ஆய்வில் (2023) மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 13 சதவீதம் குறைத்தது. யூரிக் அமிலம் கூடும் என்பதால் கௌட் என்ற மூட்டுநோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிகளும் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் எவலோக்குமாப் எல்.டி.எல்லை 60 சதவீதம் வரை இறக்கும். இன்கிளிசிரான் தொடக்கத்தில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. விலைதான் தடை, நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதில் கட்டுப்படியாகாது.

பூண்டு, மஞ்சள், சாப்பாடு

2022-இல் வெளியான ஓர் ஆய்வு பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீன் எண்ணெய் உள்ளிட்ட ஆறு துணைமருந்துகளை 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினோடு ஒப்பிட்டது. நான்கு வாரத்தில் ஸ்டாட்டின் எல்.டி.எல்லை ஏறக்குறைய 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் எதுவும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடுங்கள்; மாத்திரைக்குப் பதில் என்று நம்பாதீர்கள்.

சாப்பாட்டால் பயனே இல்லை என்று அர்த்தமில்லை. வனஸ்பதி, நெய், பாமாயில், தேங்காய் எண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெய், கடலை எண்ணெய்க்கு மாறுவது, பயறும் கொள்ளும் அடிக்கடி சேர்ப்பது, இசப்கோல் எடுத்துக்கொள்வது எல்லாம் எல்.டி.எல்லை ஓரளவு இறக்கும். இதய நோய் வராத, ஆபத்து குறைவான ஒருவருக்கு அதுவே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் போதாது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? எப்போது நிறுத்தினீர்கள், வலி எங்கே இருந்தது, நிறுத்திய பின் குறைந்ததா என்று ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளோடு டாக்டரிடம் போங்கள். மாரடைப்போ பக்கவாதமோ ஒருமுறை வந்தவர் என்றால் அடுத்த செக்கப் வரை பொறுக்க வேண்டாம். இந்த வாரமே போய்விடுங்கள்.