நமக்குப் பின் யார் பொறுப்பு?

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் வாரிசுப் பங்குகளை விரித்துரைக்கும் முன்பே வேறொரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. பொருளை ஆளும் விவேகம் அமையாதோரிடம் செல்வத்தை ஒப்படைத்துவிட வேண்டாம். அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளியுங்கள். அவர்களிடம் நல்ல சொற்களையே பேசுங்கள் என்பது ஐந்தாம் வசனத்தின் கருத்து. பங்கீட்டைக் கூறும் பதினோராம் வசனம் அதற்குப் பின்னரே வருகிறது. இந்த வரிசை நம் சிந்தனைக்குரியது. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு நம்மிடையே நன்கு அறியப்பட்டதே. ஆனால், பெற்ற பங்கைத் தாமே ஆள இயலாதவருக்காக அதை ஆள்பவர் யார் என்ற கேள்வி, பல குடும்பங்களில் மரணம் நிகழும்வரை எழுவதே இல்லை.

அறிவுசார் குறைபாடுள்ள மகனையோ மகளையோ வளர்க்கும் முதிய பெற்றோரின் உள்ளத்தில் ‘எங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?’ என்ற கவலை ஓயாது இருக்கும். அதற்கு நாம் வழக்கமாகக் கூறிக்கொள்ளும் ஆறுதல், ‘கூடப் பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது. அந்த ஆறுதல் ஷரீஅத்தின் பார்வையிலும் நாட்டுச் சட்டத்தின் பார்வையிலும் போதுமானதா என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

உரிமை வேறு, ஆளுகை வேறு

உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் மனிதனின் தகுதியை இரண்டாகப் பகுத்தனர். உரிமைகளைப் பெறும் தகுதி ‘அஹ்லிய்யத்துல் வுஜூப்’. அவ்வுரிமைகளைத் தானே செயற்படுத்தும் தகுதி ‘அஹ்லிய்யத்துல் அதா’. முதலாவது, மனிதனாய்ப் பிறந்த அனைவருக்கும் உரியது. இரண்டாவது, அறிவும் பருவமும் சார்ந்தது. அறிவுத்திறன் குன்றியவரிடம் குறைவது இரண்டாவது மட்டுமே. உடற்குறையோ இவ்விரண்டில் எதனையும் குறைப்பதில்லை. வாய் பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை பேச்சுக்கு நிகரானது என்பதை உஸ்மானியர்களின் மஜல்லா சட்டத்தொகுப்பு தனி விதியாகவே வகுத்திருக்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தை இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் எஞ்சியுள்ளனர். இளைய மகன் அறிவுசார் குறைபாடு உள்ளவர். கடனும் வஸிய்யத்தும் போக, சொத்தை நாற்பது கூறாக்கினால் மனைவிக்கு 5, மகன்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. இளையவரின் 14 கூறுகளில் ஒன்றுகூட அவருடைய நிலையால் குறையாது. ‘அவனுக்கு எதற்குச் சொத்து? மூன்று வேளை உணவு போதாதா?’ என்று கூறி அப்பங்கை மூத்தவர் தம் பெயரில் சேர்த்துக்கொள்வது, எத்துணை அன்புடன் செய்யப்பட்டாலும், பிறர் பொருளை எடுத்துக்கொள்வதேயாகும்.

அவரிடம் கைநாட்டுப் பெற்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வதும் இதற்குத் தீர்வாகாது. செய்வதன் பொருளை உணர இயலாதவர் விட்டுக்கொடுத்தது ஃபிக்ஹின்படி செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த மனநிலை இல்லாதவரின் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை.

பொறுப்பாளரை நியமித்தல்

சிறார்க்கும் அறிவுத்திறன் அற்றோர்க்கும் பொருட்காப்பாளர் யார் என்பதை மத்ஹபுகள் வரையறுத்துள்ளன. ஹனஃபி மத்ஹபில் முதலில் தந்தை, அடுத்து தந்தை நியமித்த வஸிய்யு, அதன் பின் தந்தைவழிப் பாட்டனார். ஷாஃபிஈ மத்ஹபில் தந்தை, பாட்டனார், அதன் பின்னரே வஸிய்யு. தாய் இப்பட்டியலில் தாமாக இடம்பெறுவதில்லை. ஆனால், தந்தை அவரை வஸிய்யாக நியமிக்கலாம். தகுதிகள் அமைந்த தாய் பிறரைவிட இப்பொறுப்புக்கு ஏற்றவர் என்றே இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கூறுகிறது. நியமனம் இல்லாத நிலையில் நேர்வது என்ன என்பதற்கு 1918இன் இமாம்பந்தி வழக்கு சான்றாகும். மைனர் பிள்ளைகளின் பங்கைத் தாய் விற்றது செல்லாது என்று பிரிவி கவுன்சில் அதில் தீர்ப்பளித்தது.

பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளையைப் பொறுத்தவரை, பெற்றோர் என்ற உறவு மட்டும் இந்தியச் சட்டத்தில் காப்பாளர் தகுதியைத் தருவதில்லை. இதனை அறியாத பெற்றோர் பலர். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வகுத்துள்ளது. பெற்றோரோ உறவினரோ மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். மாவட்ட ஆட்சியரும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அக்குழுவில் இடம்பெறுவர். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்திற்குள் கணக்கையும் அளித்தாக வேண்டும். அநாதைகளின் பொருளைத் திருப்பி ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு அந்நிஸாவின் ஆறாம் வசனம் பணிப்பதை இங்கு நினைவுகூரலாம். அமானிதம் என்பது கணக்குக் காட்டுவதையும் உள்ளடக்கியது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னொரு திசையிலும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அது வழங்கும் காப்பாண்மை வரையறைக்குட்பட்டது. காப்பாளர் அம்மனிதரின் விருப்பத்தை அறிந்து அவருடன் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். உதவி செய்பவருக்கே ஒரு சொத்து விவகாரத்தில் சொந்த நலன் இருக்குமானால் அவர் அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பொறுப்பிலுள்ள பொருளை வஸிய்யு தமக்கே விற்றுக்கொள்வதை ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் தடுத்ததன் காரணமும் இதுவே.

வஸிய்யத்தும் ஹிபாவும்

சிலர் பலவீனமான பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துச் செல்ல விரும்புகின்றனர். வஸிய்யத் மூலம் அது எளிதன்று. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) வகுத்த எல்லை மூன்றில் ஒன்று. அதிலும் வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், இறப்புக்குப் பின் ஏனைய வாரிசுகள் இசைந்தால்தான் நிறைவேறும்.

எஞ்சியிருப்பது வாழும் காலத்திலேயே வழங்கும் ஹிபா. பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபி (ஸல்) அறிவுறுத்தியது நாம் அறிந்ததே. ஆயினும் தீராத நோய், பார்வையின்மை போன்ற தேவையை முன்னிட்டு ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக வழங்க இடமுண்டு என்பதை ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) தம் அல்முக்னியில் எடுத்துரைக்கிறார். ஹிபாவுக்கு வேண்டியவை மூன்று: அறிவிப்பு, ஏற்பு, கைவசம் ஒப்படைத்தல். சிறாருக்கும் அறிவுத்திறன் அற்ற பிள்ளைக்கும் காப்பாளரான தந்தையே வழங்குகையில், அவர் கைவசம் இருப்பதே பிள்ளைக்காக இருப்பதாகக் கொள்ளப்படும். வாய்மொழி ஹிபா செல்லும் என்பதையும், அதனைப் பின்னர் எழுத்தில் குறித்து வைப்பதாலேயே பதிவு கட்டாயமாகிவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2011இல் ஹஃபீஸா பீபி வழக்கில் உறுதிசெய்தது. எனினும் பிற்காலப் பூசலைத் தவிர்க்கப் பதிவு செய்வதே நலம்.

இதற்குக் காலம் உண்டு. மரணத்தில் முடியும் இறுதி நோயில் வழங்கும் ஹிபாவை ஃபிக்ஹ் வஸிய்யத்தைப் போலவே கருதுகிறது. வாரிசுக்கு அது பிறர் இசைவின்றிச் செல்லாது. உடல்நலம் உள்ளபோது செய்யாத ஏற்பாட்டை மருத்துவமனைக் கட்டிலில் செய்துவிட இயலாது.

முதியோர் தம்மைக் காத்துக்கொள்ளல்

பிள்ளைக்காகத் திட்டமிடும் பெற்றோர் தமக்கும் அந்நிலை வரலாம் என்பதை மறந்துவிடுகின்றனர். பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்தாயிற்று, மறதிநோய் வந்தாலும் மகன் கவனித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தவறு. அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அதிகாரம் முடிவுறும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. வகாலத்தைப் பற்றி ஃபுகஹாக்களின் முடிவும் இதுவே. தேவை எழும் தருணத்தில் அந்த ஆவணம் உயிரற்றதாகிவிடுகிறது. வஸிய்யின் அதிகாரமோ மரணத்திற்குப் பின்னரே தொடங்குகிறது. இடைப்பட்ட காலத்திற்கு நீதிமன்றத்தை நாடுவதைத் தவிர வேறு வழி அரிது. ஆகவே, நோயின் தொடக்கத்திலேயே வங்கிக் கணக்குகளையும் ஆவணங்களையும் குடும்பத்தினர் பலரும் அறியுமாறு ஒழுங்குபடுத்திக்கொள்வது நன்று.

வீட்டையே பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிராதரவாகும் பெற்றோரும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் பிள்ளைக்கு வழங்கி ஒப்படைத்த ஹிபாவைத் திரும்பப் பெற இயலாது. ஷாஃபிஈ மத்ஹபில், அப்பொருள் பிள்ளையின் உடைமையில் நீடிக்கும்வரை தந்தை அதை மீளப் பெறலாம். எல்லாச் சமயத்தினருக்கும் பொதுவான 2007ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு நிபந்தனையுடன் வழங்கிய சொத்தை, அந்நிபந்தனை மீறப்படும்போது மீட்க 23ஆம் பிரிவில் வழிசெய்கிறது. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இச்சட்டத்தை முதியோர் நலன் நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. பத்திரம் எழுதும்போதே தம் இருப்பிடத்தையும் பராமரிப்பையும் அதில் எவ்வாறு குறிப்பது என்பதை, ஷரீஅத்தும் சட்டமும் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவது அறிவுடைமை.

வஸிய்யத்துக்குரிய பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என இப்னு உமர் (ரலி) வழியாக வரும் நபிமொழி உணர்த்துகிறது. ‘கூடப் பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கையை நாம் குறை கூறவில்லை. பெரும்பாலான உடன்பிறப்புகள் அந்நம்பிக்கைக்கு உரியவர்களே. ஆனால், சட்டப்படியான நியமனமும் எழுதிய பட்டியலும் இல்லாத நிலையில், நேர்மையான அண்ணனும் தம்பியின் வீட்டு வாடகையைப் பெறவோ வங்கிக் கணக்கை இயக்கவோ தடுமாறுவார். நேர்மையற்றவரைக் கேட்பாரும் இரார். பொறுப்பாளரைப் பெயர் குறித்து நியமித்து, அவர் எவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் எழுதி வைத்தால், அது அவ்விருவரையும் காக்கும். அந்நிஸாவின் ஐந்தாம் வசனம் கோரும் உணவும் உடையும் நல்ல சொல்லும் அப்பிள்ளைக்குத் தடையின்றிக் கிடைக்க அதுவே வழி.