வருஷத்துல ஒரே ஒரு நாள்... மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே போகலாமா?

அனுமந்தன்பட்டியில் இருந்து கம்பம் ரோட்டில் போகும்போது, வயலையும் திராட்சைப் பந்தலையும் தாண்டி ஒரு மலைச்சுவர் கூடவே வரும். அந்த மலைத்தொடரில், தமிழ்நாடு - கேரளா எல்லையில், கடல் மட்டத்தில் இருந்து 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்துக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களுக்கு அனுமதி. 2024-ல் அது ஏப்ரல் 23, 2025-ல் மே 12. ரெண்டுமே கொளுத்தும் வெயில் காலம். அதனால பிளான் இல்லாமல் கிளம்பினா, பாதி மலையிலேயே மூச்சு வாங்கும்.

என்ன கதை?

மதுரையை எரித்த கண்ணகி, 14 நாள் கழித்து ஒரு மலையில் வேங்கை மரத்தடியில் இருந்து கோவலனோடு விண்ணுலகம் போனதாகச் சொல்கிறது சிலப்பதிகாரம். சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்ததும் அதில் வருகிறது. அந்தக் கோயில் இதுதான் என்று 1963-ல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி.கோவிந்தராசனார். இப்போது மேலே இருப்பது சிதைந்த கற்கோயில். ஆனாலும் கண்ணகியைக் கும்பிட ரெண்டு மாநில மக்களும் ஏறி வருகிறார்கள்.

ஒரு வட்டமா போயிட்டு வரலாம்

மேலே போக ரெண்டு வழி. ஒன்று, லோயர் கேம்ப் பக்கத்தில் உள்ள பளியன்குடியில் இருந்து ஏறும் காட்டுப்பாதை, சுமார் 6.6 கி.மீ. இன்னொன்று, குமுளியில் இருந்து சுமார் 14 கி.மீ. ஜீப் பாதை. பளியன்குடியில் ஏறி, குமுளி பக்கம் இறங்கி, அங்கிருந்து மலைரோட்டில் பஸ் பிடித்து லோயர் கேம்ப் வந்தால் ஒரு வட்டம் முடிந்துவிடும்.

இந்தத் திசையில் போவதில் ஒரு லாபம் உண்டு. ஏறும்போது சிரமப்படுவது மூச்சும் இதயமும். இறங்கும்போது அடி வாங்குவது முழங்காலும் தொடையும். காலையில் குளுமையாக இருக்கும்போதே நடந்து ஏறிட்டு, ஜீப்பில் இறங்கினால் மூட்டு தப்பிக்கும். ஜீப் வரிசை நீளமாக இருந்தால், வந்த வழியே நடந்து இறங்கும் அளவுக்குக் காலில் தெம்பு மிச்சம் வைத்திருக்கணும்.

எத்தனை மணிக்கு ஏறணும்?

1892-ல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்னைக்கும் உதவும். 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம்ம பாதையில் 6.6 கி.மீ.க்கு 1 மணி 20 நிமிடம். ஏற்றம் கிட்டத்தட்ட 900 மீட்டர்னு வச்சுக்கிட்டா, அதுக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 2 மணி 50 நிமிடம். இது உட்காராமல் நடந்தால்! வெயில், கூட்டம், கூட வரும் அம்மா, அத்தை எல்லாரையும் சேர்த்தால் நாலு மணி நேரம்னு வச்சுக்கோங்க.

சமீப வருடங்களில் காலை 6 மணிக்கு அனுமதி தொடங்குகிறது, மதியம் 2.30-க்கு மேல் ஏற விடுவதில்லை, மாலை 5.30-க்கு மேல் உச்சியில் யாரும் இருக்கக் கூடாது. 6 மணிக்கே கால் வைத்தால் 10 மணிக்கு மேலே இருப்பீங்க. 10 மணிக்குக் கிளம்பினால் உச்சி வெயில் முழுக்க உங்க தலையில்தான்.

பையில் என்ன இருக்கணும்?

சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. ஸ்டீல் பாட்டிலில் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கோங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தொப்பி, வழுக்காத ஷூ அவசியம். மதுவும் அசைவமும் கூடாது. ட்ரோன் பறக்கவிடவும் அனுமதி இல்லை. மலையில் சிக்னலை நம்ப முடியாது; அதனால ஜீப்புக்கு ஜி-பேயை நம்பாமல் கையில் பணம் வச்சுக்கோங்க. குரூப்பா போறவங்க, பிரிஞ்சுட்டா எங்கே சந்திப்பதுன்னு கீழேயே பேசி முடிவு பண்ணிடுங்க.

ஏன் ஒரே ஒரு நாள்?

இங்கிலாந்தில் காடு, குன்று வழியாக வட்டமடித்துவிட்டு கிளம்பின இடத்துக்கே திரும்பும் நாள் நடை ரொம்ப பிரபலம். அங்கே பொதுப் பாதைகளில் நடப்பது சட்ட உரிமை. நம்ம மலை வேற. கண்ணகி கோயில் இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்தில். யானைகள் நடமாடும் காடு. கோயில் எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்ற பிரச்னையும் நீண்ட காலமாக இருப்பதால், தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்துதான் விழாவை நடத்துகின்றன.

'ரூல்ஸ் ஜாஸ்தியா இருக்கே'ன்னு தோணலாம். இதே தேனி மாவட்டத்தில், போடி பக்கத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குப் போன 23 பேரை இழந்தோம். கோடையில் காய்ந்த புல்லில் தீப்பிடித்தால், காற்றும் சேர்ந்துகொள்ளும்; மேட்டை நோக்கி மனிதனால் ஓட முடியாத வேகத்தில் தீ ஏறும். அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' ஆன்லைன் முன்பதிவும் வந்தது. குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

அதனால கண்ணகி கோயில் பாதையில் பீடி, சிகரெட், கற்பூரம் எதையும் பற்றவைக்காதீங்க. குறுக்குவழின்னு யாராவது கூப்பிட்டாலும் போகாதீங்க. அந்த வருஷத்து நேரம், அனுமதி விவரங்களை மாவட்ட நிர்வாகம் விழாவுக்கு முன்பே அறிவிக்கும். அதைப் பார்த்துட்டு, முதல் நாள் ராத்திரியே கம்பத்துக்கோ கூடலூருக்கோ வந்து தங்கிடுங்க. காலை 6 மணிக்கு பளியன்குடியில் நிற்க அதுதான் வழி.