இடப்பக்க இருக்கை: மாதிரி டீசல் எஞ்சின்களும் காணாமல்போன ஆளும்

ரயில் பொம்மையைப் பற்றி எழுதுவதற்கு இந்தப் பக்கங்கள்தானா கிடைத்தன என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பொம்மை என்ற சொல்லை முதலில் எடுத்துவிடலாம். அமெரிக்காவில் வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில் இடுப்புயரப் பலகைகள் மீது தண்டவாளம் பதித்து இந்த எஞ்சின்களை ஓட்டுகிற பெரியவர்கள், அவர்களில் மிகப் பலர் நடுவயது தாண்டிய வெள்ளை ஆண்கள், அதைப் பொம்மை என்றால் முகம் சுளிப்பார்கள். 'மாதிரி' என்பதே அவர்கள் சொல். பொம்மை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மாதிரியோ ஓர் உண்மையைச் சொல்வதாக உரிமை கொண்டாடுகிறது. நாவலில் எதார்த்தம் என்றால் என்ன என்று இவ்வளவு காலம் சண்டை போட்டிருக்கிற நமக்கு, ரிவெட்டை எண்ணிப் பார்த்து எதார்த்தத்தை அளக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பது சுவாரசியமில்லாத விஷயமாக இருக்க முடியாது.

அளவு விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் 3.5 மில்லிமீட்டர், அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு 1972 முதல் 1980களின் இறுதிவரை ஏறத்தாழ 4,000 எண்ணிக்கையில் கட்டிய எஸ்.டி.40-2 என்ற 3,000 குதிரைசக்தி எஞ்சின் கிட்டத்தட்ட 69 அடி நீளம். மாதிரியில் அது 24 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவு. ஆனால் ஒரே வகை எஞ்சின் எல்லா ரயில் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஹாரன் எங்கே பொருத்தியிருந்தது, எண்ணெய்த் தொட்டி பெரிதா சிறிதா, முன்னால் பனி தள்ளும் தகடு உண்டா, கூரை விசிறியின் மூடி எந்த வடிவம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, வாங்கிய தொகுதிக்குத் தொகுதி மாறும். பழுதுபார்த்த பிறகும் மாறும். எனவே தேர்ந்த சேகரிப்பாளர் எஸ்.டி.40-2 என்று மட்டும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி, என்ன எண், எந்த ஆண்டு என்று கேட்கிறார். ஒவ்வொரு எஞ்சினும் ஒரு தேதியைச் சுமந்துகொண்டிருக்கிறது. இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஒளிக்கப்போவதில்லை. காலமற்ற கிராமம், காலமற்ற அம்மா என்று எழுதிக்கொண்டிருக்கிற நம்மவர்கள் சிலருக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் தேவைப்படுகிறது.

ஆனால் எது பிழை, எது பிழையில்லை என்பதை யார் தீர்மானிப்பது? ஆத்தர்ன் நிறுவனத்தின் பழைய பிளாஸ்டிக் எஞ்சின்கள் பலவற்றில் உடற்கூடு அளவுக்கு மீறி அகலமாக இருந்தது. உள்ளே வைக்கக் கிடைத்த மோட்டார் அகலம், அதனால் மேல்கூடும் அகலம். பல பத்தாண்டுகள் அப்படியே விற்றன, ஓடின. பிறகு மெலிந்த மோட்டார்கள் வந்ததும் அது மன்னிக்க முடியாத பிழையாகிவிட்டது. இன்றும் மன்னிக்கப்படுபவை உண்டு. வழக்கமான மாதிரிச் சக்கரத்தின் அகலத்தை 87-ஆல் பெருக்கினால் ஒன்பதரை அங்குலம் வரும். நிஜச் சக்கரம் ஐந்தரை அங்குலத்தை ஒட்டியது. கடைகளில் விற்கும் சாதாரண வளைவின் ஆரம் 18 அங்குலம். நிஜத்தில் அது 130 அடி ஆரம். பிரதான பாதையில் அப்படியொரு வளைவில் எந்த எஞ்சினும் திரும்பாது. ஒரு மைல் தூரம் ஹெச்.ஓ. அளவில் 60 அடிக்குச் சற்று மேல், அதற்கு வீட்டில் இடமில்லை. அதனால் ஊர்களை நெருக்கிப் போட்டு, கடிகாரத்தை நாலு மடங்கு ஆறு மடங்கு வேகமாக ஓடவிடுகிறார்கள். எடையோ 87-ஐ மூன்றுமுறை பெருக்கிய கணக்கில் குறைய வேண்டும்: 167 டன் எஞ்சின் 250 கிராமாக வேண்டும். அப்படிச் செய்தால் அது இழுக்காது. ஆக நுணுக்கம் என்பது எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஓர் உடன்படிக்கை. எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமலிருப்பது என்பதற்கான உடன்படிக்கை. இலக்கியத்தில் எதார்த்தவாதமும் அப்படித்தான் வேலை செய்தது.

இந்த உடன்படிக்கையில் பேசப்படாத ஓரிடம் உண்டு. எஞ்சின் கேபினின் ஜன்னல் வழியே பாருங்கள். வலப்பக்கம் டிரைவரின் இருக்கை. சில மாதிரிகளில் அங்கே ஒரு சிறு உருவம் ஒட்டியிருக்கும். இடப்பக்க இருக்கை பெரும்பாலும் காலி. கைப்பிடிக் கம்பி ஒன்று குறைந்தால் பக்கம் பக்கமாகக் குறை எழுதுகிறவர்கள் இந்த ஆள் குறைவதைக் குறையென்று சொல்லி நான் அதிகம் படித்ததில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் யார்?

ஃபயர்மேன். நீராவி காலத்தில் நிலக்கரி அள்ளிப் போட்டவர். வெக்கை, கரி, முதுகொடியும் வேலை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்த வேலையைக் கறுப்பர்கள் ஏராளமாகச் செய்தார்கள். எத்தனை ஆண்டு செய்தாலும் அவர்கள் டிரைவராக முடியாது. வெள்ளை ஃபயர்மேனுக்கு அது ஒரு படிக்கட்டு, கறுப்பு ஃபயர்மேனுக்கு அதுவே கூரை. பிறகு டீசல் வந்தது. எலக்ட்ரோ-மோட்டிவின் எஃப்.டி. சோதனை எஞ்சின் 103, 1939 இறுதியிலிருந்து பதினோரு மாதங்களில் 83,000 மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது. டீசலில் அள்ளிப்போட எதுவுமில்லை. ஆனால் டீசல் எஞ்சினிலும் ஒரு ஃபயர்மேன் இருக்க வேண்டும் என்று 1937-இலேயே சங்கங்கள் ஒப்பந்தம் வாங்கியிருந்தன. கரி போய்விட்டது, இருக்கை மிஞ்சியது. சுத்தமான, உட்கார்ந்து பார்க்கிற வேலை. இப்போது அது யாருக்கு என்ற கேள்வி வந்தது.

ஃபயர்மேன்கள் சங்கம் தன் பெயரிலேயே சகோதரத்துவம் என்ற சொல்லை வைத்திருந்தது. கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஆனால் சட்டப்படி அவர்களுக்கும் சேர்த்துப் பேரம் பேசும் உரிமை அதனிடம்தான் இருந்தது. 1941 பிப்ரவரியில் அது தென்கிழக்குப் பகுதியின் 21 ரயில் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பதவி உயர்வுக்குத் தகுதியற்ற ஃபயர்மேன்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். 'தகுதியற்ற' என்றால் கறுப்பர் என்று படிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நிறம் பற்றிய சொல்லே வேண்டியிருக்கவில்லை. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியை நடத்துகிற ஆவணங்களைப் படித்துப் பழகிய நமக்கு இந்த மொழி புதிதல்ல. லூயிவில் அண்ட் நாஷ்வில் கம்பெனியில் வேலை செய்த பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்ற கறுப்பு ஃபயர்மேனை இறக்கிவிட்டு, அவரைவிடப் பணிமூப்பில் இளைய வெள்ளையர்களை ஏற்றினார்கள். பதினாறு நாள் வேலையில்லை. பிறகு கிடைத்தது இன்னும் கடினமான, கூலி குறைந்த வேலை. ஸ்டீல் வழக்குப் போட்டார். வாதாடியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1944 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம், எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிற சங்கம் எல்லோரையும் பாரபட்சமின்றிப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் உறுப்பினராகச் சேர்த்துக்கொள் என்று சங்கத்துக்கு உத்தரவிடவில்லை. (அதே நாளில் அதே நீதிமன்றம்தான் கொரெமாட்சு வழக்கில் ஜப்பானிய அமெரிக்கர்களை வெளியேற்றியது செல்லும் என்றது.)

கடைசியில் இருக்கை யாருக்கும் நிலைக்கவில்லை. வேலையில்லாத ஆளுக்குச் சம்பளமா என்று கம்பெனிகள் 1959 முதல் பெரும் பிரசாரம் செய்தன. 1963 ஆகஸ்ட் 28 அன்று, வாஷிங்டன் பேரணி நடந்த அதே நாளில், அமெரிக்க காங்கிரஸ் கட்டாய மத்தியஸ்தச் சட்டம் நிறைவேற்றியது. நவம்பரில் வந்த தீர்ப்பு கூட்ஸிலும் யார்டிலும் 90 சதவீத ஃபயர்மேன் வேலைகளைப் படிப்படியாக ஒழிக்க அனுமதித்தது. கறுப்பர்களை வெளியே நிறுத்திவைத்துக் காப்பாற்றிய இருக்கையைச் சங்கத்தால் கடைசிவரை காப்பாற்ற முடியவில்லை.

மாதிரியைச் செய்த கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. முன்பெல்லாம் கைப்பிடிக் கம்பிகளை வாங்கியவரே உட்கார்ந்து பொருத்த வேண்டியிருந்தது. 1990களில் தொடங்கி உற்பத்தி சீனாவின் குவாங்டோங் பக்கம் போனபோது அந்தப் பொறுமையும் சேர்ந்து போனது. பெட்டியைத் திறந்தால் எல்லாம் பொருத்தப்பட்டு வருகிறது. பேக்மன் என்ற பழைய மாதிரி ரயில் பெயர் 1987 முதல் ஹாங்காங்கின் கேடர் குழுமத்தின் கையில் இருக்கிறது. அந்தக் குழுமத்துக்குப் பங்கு இருந்த தாய்லாந்து ஆலையில் 1993 மே 10 அன்று தீப்பிடித்து 188 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், செத்துப்போனார்கள். அங்கே செய்தவை வேறு பொம்மைகள், எஞ்சின்கள் அல்ல. ஆனாலும் நுணுக்கம் என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு அது ஞாபகம் வராமலிருப்பதில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் வசதியான கட்டுரையாக இருந்திருக்கும்: பண்டம், மயக்கம், மறைக்கப்பட்ட உழைப்பு. விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஏனென்றால் இவர்களில் ஒரு பகுதியினர் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில்லை, ஓட்டுகிறார்கள். ஓட்டுவது என்றால் வட்டமாகச் சுற்றவிடுவதல்ல. நாடகத்துறையிலிருந்து வந்த ஃபிராங்க் எல்லிசன் 1940களில் எழுதிய கட்டுரைகளில் தண்டவாள அமைப்பை மேடை என்றார், ரயில்களை நடிகர்கள் என்றார், கால அட்டவணையைக் கதை என்றார். லூக்காச் 1936-இல் செய்த ஒரு வேறுபாடு இங்கே உதவும். ஜோலாவின் 'நானா'வில் குதிரைப் பந்தயம் பார்வையாளரின் கண்ணுக்கு வர்ணிக்கப்படுகிறது. டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில் அது பாத்திரங்களின் விதியோடு பிணைந்த செயலாகச் சொல்லப்படுகிறது. அலமாரி எஞ்சின் வர்ணனை. ஓடுகிற எஞ்சின் கதையாடல்.

ஒரு மாலை இப்படி நடக்கும். ஒவ்வொரு சரக்கு வாகனுக்கும் ஓர் அட்டை. அட்டையில் செருகிய சீட்டு அது எங்கே போகவேண்டும் என்று சொல்லும். பத்து வாகன்களோடு யார்டிலிருந்து கிளம்புகிற கூட்ஸ், வழியில் ஒரு சிற்றூர்த் தீவன ஆலையில் இரண்டைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டவேண்டும். கிளைப்பாதை எதிர்த்திசையில் திறக்கிறது என்றால் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து பின்னாலிருந்து தள்ள வேண்டும். அதற்குள் பாசஞ்சர் வந்துவிடும், பிரதான பாதையை விட்டு ஒதுங்க வேண்டும். அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிற கன்ட்ரோலர் போனில் உத்தரவு சொல்ல, எழுதிக்கொண்டு திருப்பிப் படிக்க வேண்டும். காகிதத்தில் எழுதிய ரயில் உத்தரவுகளும் கடைசியில் ஆடிக்கொண்டு போகும் கார்டு வேனும் அமெரிக்க ரயில்வேயில் 1980களில் பெருமளவு ஒழிக்கப்பட்டவை. அந்த வேலையின் அறிவு இன்று நிலவறைகளில்தான் கைப்பழக்கமாக மிஞ்சியிருக்கிறது. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய பழைய வேலை என்பதில் கசப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதோடு சேர்ந்து ஒரு மரியாதையும் இருக்கிறது.

ஓட்டும் தொழில்நுட்பம் மாறியதையும் இங்கே சொல்லிவிடலாம். முன்பு தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மின்சாரம் கொடுத்தார்கள். அந்தத் துண்டில் நிற்கிற எந்த எஞ்சினும் நகரும். அதிகாரம் நிலத்தின் மேல் இருந்தது. 1990களின் நடுவில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் தரப்படுத்திய டிஜிட்டல் முறையில் தண்டவாளமெங்கும் எப்போதும் மின்சாரம். எஞ்சினுக்குள் ஒரு சில்லு, அதற்கு ஓர் எண். தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் அது நகரும். அல்தூசரின் போலீஸ்காரர் தெருவில் 'ஏய்' என்று கூப்பிட்டதும் திரும்புகிற ஆள் நினைவுக்கு வந்தால் வாசகரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சில்லே சத்தமும் போடும். ஆல்கோ கம்பெனியின் 251 எஞ்சின் சத்தத்தை அதில் கேட்கலாம். ஆல்கோ 1969-இல் எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே 251-ஐ உரிமம் பெற்று வாரணாசியில் கட்டிய டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள் ஈரோட்டிலும் பொன்மலையிலும் உறுமியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஓட்டுகிறவர்களிடம் நான் கவனித்த முக்கியமான விஷயம் வேறு. பல நிலவறைகளில் ஒரு கூட்ஸுக்கு இரண்டு பேர். ஒருவர் கையில் கட்டுப்பாட்டுக் கருவி. இன்னொருவர் கையில் சீட்டுகளும், கொக்கிகளைப் பிரிக்க ஒரு மூங்கில் குச்சியும். ஒருவரே செய்யலாம், ஆனால் தடுமாறும், பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தவறும் என்பது அவர்கள் அனுபவம். கம்பெனிகள் ஒழித்த இரண்டாவது ஆளை விளையாட்டு திரும்பக் கூட்டிவந்திருக்கிறது.

நிஜத்தில் அந்த இரண்டாவது ஆள் இல்லாததன் கணக்கு ஒன்று உண்டு. 2013 ஜூலை 5 இரவு, கனடாவின் கியூபெக்கில், 72 டாங்கர் கச்சா எண்ணெய் ரயிலை ஒற்றை ஆளாக ஓட்டிவந்தவர் சரிவான இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். முன் எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைத்தவர்கள் எஞ்சினை நிறுத்தினார்கள். பிரேக்கில் காற்று இறங்கியது. நள்ளிரவு தாண்டி ரயில் தானாக உருண்டு லாக்-மெகான்டிக் ஊருக்குள் கவிழ்ந்து எரிந்ததில் 47 பேர் இறந்தார்கள். கனடா விசாரணை வாரியம் 18 காரணங்களை எழுதியது. இன்னொரு ஆள் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று அது உறுதியாகச் சொல்லவில்லை. ஓட்டியவரும் இன்னும் இரு ஊழியர்களும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டு 2018-இல் விடுதலையானார்கள். அமெரிக்க ரயில்வே நிர்வாகம் ரயிலுக்குப் பொதுவாக இரண்டு ஆட்கள் வேண்டும் என்று விதி எழுதியது 2024 ஏப்ரலில்.

எஞ்சினுக்குத் தேதி கேட்கிறவர்களிடம் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. லூயிவில் அண்ட் நாஷ்வில் கம்பெனியின் ஜி.பி.7 எஞ்சினை 1955 என்று தேதியிட்டு, ஹாரனும் எண்ணெய்த் தொட்டியும் சரிபார்த்து ஓட்டுகிறவர், இடப்பக்க ஜன்னலில் யாரை உட்கார வைப்பது என்பதற்கு அந்த வருஷத்துப் பணிமூப்புப் பட்டியலையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.