எல்லைக்கோட்டு ஆளுமையும் கைநீட்டும் புருஷனும்

ஓசூர்க்காரர்களுக்கு 'பார்டர்' என்றால் ஜூஜுவாடி, தாண்டினால் அத்திப்பள்ளி. மனநோய் மருத்துவத்திலும் ஒரு 'பார்டர்' உண்டு. நியூரோசிஸுக்கும் சைக்கோசிஸுக்கும் நடுவே நிற்பவர்களைக் குறிக்க 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் கையாண்ட சொல், 1980இல் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என அமெரிக்க நோய்ப் பட்டியலில் ஏறியது. விட்டுட்டுப் போயிடுவாங்களோ என்கிற ஓயாத பயம், நெருங்கியவரைக் காலையில் தெய்வமாகவும் ராத்திரியில் சனியனாகவும் பார்ப்பது, அடங்காத கோபம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை இதன் குணங்கள்.

மருத்துவமனைகளில் இந்தப் பெயர் அதிகமும் பெண்கள் மீதே ஒட்டப்பட்டது. 1990களில் கனடாவின் டொனால்ட் டட்டன் பார்வையை ஆண்கள் பக்கம் திருப்பினார். மனைவியை அடித்ததற்காகச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இக்குணங்கள் தூக்கலாக இருந்தன. சிப்காட் ஷிப்ட் முடிந்து அவள் வர அரைமணி தாமதமானால் "எவன்கூட நின்னு பேசிட்டு வர்ற?" என்று கேட்கும் சந்தேகத்தின் அடியில், கைவிடப்படும் பயம் இருக்கக்கூடும்.

அதற்காக, அடியை நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது. இக்கோளாறு உள்ளவர்கள் மக்களில் ஓரிரு சதவீதம்தான். அவர்களிலும் பலர் காயப்படுத்துவது தங்களையே. கணவனின் வன்முறையை அனுபவித்ததாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் சொன்ன, மணமான பெண்களோ தமிழ்நாட்டில் 38 சதவீதம், கர்நாடகத்தில் 44 சதவீதம். மேலும், சூப்பர்வைசர் திட்டினால் தலைகுனிகிறவன் வீட்டுக்கு வந்துதானே கைநீட்டுகிறான்? அவன் கோபத்துக்கு எல்லை தெரிந்திருக்கிறது. யாரை அடிக்கலாம் என்பதைக் கற்றுத்தந்தது நோயல்ல; குடும்பமும் சாதியும் சேர்ந்து கட்டிய ஆண் அதிகாரம்.

அப்படியானால் இந்த அறிவு நமக்கு எதற்கு? அவன் அழுகை நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம் என்று இது சொல்கிறது. ஆபத்தும் அங்கேதான். அந்த அழுகையைப் பார்த்துத்தான் பஞ்சாயத்திலும் மகளிர் காவல் நிலையத்திலும் "அனுசரிச்சுப் போம்மா" என்கிறார்கள். பிரிவே பயமாக இருப்பவனிடமிருந்து அவள் பிரியும் நேரம்தான் மிகவும் அபாயமானது. போவதை அவனுக்குச் சொல்லாமல் திட்டமிட வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே மனு போடலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். பெங்களூருக்குப் போய்விட்டவள் மனுவுக்காக ஓசூர் திரும்ப வேண்டியதில்லை.

அவனுக்குச் சிகிச்சை உண்டு, நிம்ஹான்ஸும் பக்கத்தில்தான். ஆனால் அவன் குணமாகும்வரை அவள் அடிவாங்கிக் காத்திருப்பது சிகிச்சையின் பகுதி அல்ல.